மின்சாரம் ஊருக்கு – சாம்பல் எண்ணூருக்கா?

விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது, தொழிற்சாலையிலே இயந்திரங்கள் ஓடுகின்றன. சென்னை மாநகரம் இரவைப் பகலாக்கி மகிழ்கிறது. மகிழட்டும்! மின்சாரமே வேண்டாம் என்று சொல்லும் மடமை நமக்கு இல்லை. ஆனால் அந்த மின்சாரத்தைத் தந்த நிலக்கரி, எரிந்து தீர்ந்த பிறகு எங்கே போயிற்று என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

தோழர்களே! அது எங்கும் போய்விடவில்லை. கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்திலே சாம்பலாகக் கிடக்கிறது, சேறாகக் கிடக்கிறது. மீனவனின் வலையிலே ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. ஒளி ஊருக்கு, ஊதியம் முதலாளிக்கு, எண்ணூருக்கு மட்டும் சாம்பல் என்பது எந்த ஊர் நியாயம்?

இது மீனவர் விவகாரம், நமக்கென்ன என்று ஒதுங்கும் தோழர்களும் உண்டு. சாம்பலில் அப்படி என்ன இருக்கிறது, அடுப்புச் சாம்பலில் பாத்திரம் துலக்கியவர்கள்தானே நாம் என்று எண்ணும் தோழர்களும் உண்டு. இரு சாராருக்கும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முகத்துவாரம் என்பது என்ன?

ஆறு கடலில் விழும் வாய் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. அது நன்னீரும் உப்புநீரும் கை கோக்கும் இடம். ஆறு தன் வழியெல்லாம் அரித்துக்கொண்டு வந்த களிமண்ணை இறக்கி வைக்கும் இடமும் அதுவே.

ஆற்று நீரிலே மிதந்துவரும் களிமண் துகள், கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது. துகள் ஒவ்வொன்றின் மீதும் ஒரே வகையான மின்னேற்றம் இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதந்தே வருகின்றன. கடலின் உப்பு பட்டதும் அந்தத் தள்ளுதல் ஓய்ந்துவிடுகிறது. துகளும் துகளும் ஒட்டிக்கொள்கின்றன, திரள்கின்றன, கனத்து அடியிலே படிகின்றன. முகத்துவாரங்களில் சேறு மிகுந்திருப்பதற்கு இது முதன்மையான காரணம். அந்தச் சேற்றை நம்பித்தான் புழு, நண்டு, இறால், மட்டி, மடவை எல்லாம் வாழ்கின்றன. கடல் மீன்களிலே பல, குஞ்சுப் பருவத்தை இங்கேதான் கழிக்கின்றன. சேறு என்று இகழ்கிறோமே, அது கடலின் தொட்டில்!

அந்தத் தொட்டிலிலேயே நஞ்சும் வந்து தங்குகிறது என்பதுதான் கொடுமை. ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம், செம்பு, துத்தநாகம் போன்ற உலோகங்கள் நீரோடு நீராக ஓடிப் போய்விடுவதில்லை. நுண்ணிய துகளைக் கண்டால் பற்றிக்கொள்கின்றன. துகள் படியுமிடத்தில் தாமும் படிகின்றன. சாக்கடை நீர் நாளடைவில் மக்கிப் போகும். எண்ணெயைக்கூடக் காலப்போக்கில் நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும். உலோகம் மக்காது, அழியாது. இன்று கொட்டினால் நம் பேரன் காலத்திலும் அங்கேயே இருக்கும். சேற்றைத் தின்னும் புழுவின் உடலில் ஏறும். புழுவைத் தின்னும் நண்டுக்கும் மீனுக்கும் போகும். பிறகு யார் தட்டுக்கு வரும் என்று சொல்லவும் வேண்டுமா?

எண்ணூரில் நடந்தது என்ன?

வரலாற்றை வரிசையாகப் பார்ப்போம். 1969-இல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கிற்று. 1970-இல் எண்ணூர் அனல் மின் நிலையம் தன் முதல் அலகை ஓட்டியது. அந்த நிலையம் 2017-இல் மூடப்பட்டது. 1994 முதல் 1996 வரையில் வடசென்னை அனல் மின் நிலையத்தின் முதல் கட்டம், 630 மெகாவாட், எழுந்தது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம், இன்று காமராசர் துறைமுகம் என்று பெயர் பெற்றிருப்பது, திறக்கப்பட்டது. 2012 முதல் 2015-க்குள் வல்லூரில் 1,500 மெகாவாட் வந்தது. வடசென்னையின் இரண்டாம் கட்டமாக மேலும் 1,200 மெகாவாட் சேர்ந்தது. 2024-இல் மூன்றாம் கட்டத்தின் 800 மெகாவாட் அலகும் தொடங்கி வைக்கப்பட்டது.

இத்தனையும் ஓர் ஆற்றின் வாயைச் சுற்றி! ஒன்றன் பின் ஒன்றாக அனுமதி கொடுத்தவர்கள், எல்லாம் சேர்ந்தால் இந்த ஆறு தாங்குமா என்று கூட்டிக் கணக்குப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை ஏற்பட்டிருக்காது.

சாம்பலின் அளவை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் நாட்டு நிலக்கரியிலே மூன்றில் ஒரு பங்கு, சில வேளைகளில் அதற்கு மேலும், எரிந்தபின் சாம்பலாக மிஞ்சுவது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 700 கிராம் நிலக்கரி என்று வைத்துக்கொண்டால், 600 மெகாவாட் அலகு ஒன்று முழு வேகத்தில் ஒரு நாள் ஓடுவதற்குப் பத்தாயிரம் டன் வேண்டும். அதில் மிஞ்சும் சாம்பல் மூவாயிரம் டன்னுக்கும் மேல். பத்து டன் லாரியில் ஏற்றினால் முந்நூறு லாரிக்கு மேல் போகும். ஓர் அலகுக்கு, ஒரே ஒரு நாளுக்கு!

இதை எப்படி அப்புறப்படுத்துகிறார்கள்? உலர்ந்த சாம்பலைச் சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் கொடுக்கலாம். மிஞ்சியதைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கி, இரும்புக் குழாய்கள் வழியே ஓட்டி, ஆஷ் பாண்டு என்று தொழிலாளர்கள் சொல்லும் சாம்பல் குட்டைக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் கடக்கும் நிலம் ஆற்றுநிலம், உப்புக் காற்று வீசும் நிலம். துருப்பிடித்த குழாய் உடைகிறது. உடைந்த குழாயிலிருந்து சாம்பல் கூழ் ஆற்றில் பாய்கிறது. ஒருநாள் இருநாள் அன்று, ஆண்டுக்கணக்கில் இப்படிப் பாய்ந்தது. செப்பாக்கம் மக்களைக் கேளுங்கள், சாம்பல் குட்டைக்குப் பக்கத்தில் குடியிருப்பது என்றால் என்ன என்று சொல்வார்கள். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவர்களைக் கேளுங்கள். படகு மிதந்த இடத்தில் இன்று இறங்கி நடந்து படகைத் தள்ள வேண்டியிருக்கிறது என்பார்கள். சேற்றிலே கையைத் துழாவி இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் பெண்களைக் கேளுங்கள். அவர்கள் கை துழாவுவது மண்ணையா, சாம்பலையா?

மண்ணிலே இருப்பதுதானே, என்பார்கள்!

இங்கே கெட்டிக்கார வக்கீல்கள் ஒரு வாதம் வைத்திருக்கிறார்கள். "உலோகம் எந்த மண்ணில்தான் இல்லை? இயற்கையாகவே இருப்பதை ஆலையின் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்?" என்பது அவர்கள் கேள்வி.

நல்ல கேள்வி. விஞ்ஞானிகள் இதற்கு எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். களிமண்ணில் அலுமினியம் இயற்கையாகவே ஏராளமாக உண்டு. அதோடு ஒப்பிட்டால் ஈயம் இவ்வளவு, காட்மியம் இவ்வளவு என்று ஒரு விகிதம் இருக்கிறது. அந்த விகிதத்தை ஆலைகளுக்கு முற்பட்ட ஆழ்ந்த படிவத்திலும், மேலே உள்ள புதிய படிவத்திலும் எடுத்துப் பார்த்தால் போதும். மேலே வரவர விகிதம் ஏறியிருந்தால் அது இயற்கையின் செயல் அன்று, மனிதனின் கைவரிசை. சேற்றுக்குள் நீண்ட குழாயைச் செருகி எடுத்தால், வந்து படிந்த ஆண்டுகள் அடுக்கடுக்காகத் தெரியும். உலகத்தின் பல முகத்துவாரங்களிலே, ஈயம் கலந்த பெட்ரோல் ஓடிய காலமும் அது நிறுத்தப்பட்ட காலமும் இப்படிப்பட்ட அடுக்குகளில் பதிவாகியிருக்கின்றன. கம்பெனிக் கணக்கைத் திருத்தி எழுதலாம், சேறு எழுதிய பேரேட்டைத் திருத்த எந்தக் கணக்குப் பிள்ளையாலும் முடியாது!

அடுப்புச் சாம்பலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடும் இங்கேதான் இருக்கிறது. வீட்டு அடுப்பில் எரிந்தது விறகு. கொதிகலனில் எரிவது பூமிக்கடியிலிருந்து தோண்டிய நிலக்கரி. ஆர்செனிக், ஈயம், குரோமியம், செலினியம், பாதரசம் ஆகியவை அதில் சிறு சிறு அளவில் பொதிந்திருக்கின்றன. கரி எரிந்து போகிறது. பாதரசத்தில் பெரும்பகுதி புகையோடு மேலே போக, மற்றவற்றில் பெரும்பகுதி சாம்பலில் செறிந்து நிற்கிறது. டன் ஒன்றில் சிறிது என்றாலும், ஆயிரமாயிரம் டன் கொட்டினால் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சாம்பல் மட்டுமா?

சாம்பல் ஒன்றே குற்றவாளி என்று சொல்லிவிட்டு மற்றவர்களைத் தப்பவிடும் எண்ணம் நமக்கு இல்லை. 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. சென்னைக்குக் குடிநீர் தரும் நல்ல திட்டம்தான். ஆனால் அணை தண்ணீரை மட்டும் நிறுத்துவதில்லை, ஆறு கொண்டுவரும் மணலையும் வண்டலையும் சேர்த்தே நிறுத்துகிறது. வேகமாக வந்து முகத்துவாரத்தைக் கழுவிச் செல்லும் வெள்ளமும் குறைந்து போகிறது. கடலோரத்து மணல் நம் கரையில் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்வது. அதன் குறுக்கே தடுப்புச் சுவர் எழுப்பினால் தென்புறம் மணல் குவியும், வடபுறம் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் எழுந்த பிறகு மெரினா அகன்றதையும், இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரையில் கடல் ஊரைத் தின்றதையும் அறியாதவர் யார்? எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே துறைமுகச் சுவர் எழுந்த பிறகு, வாயை மணல் அடைக்காமல் என்ன செய்யும்?

ஆக, மேலிருந்து வர வேண்டிய நல்ல மண் வரவில்லை. கழுவ வேண்டிய வெள்ளம் குறைந்தது. கடல்வாயில் மணல் அடைக்கிறது. நடுவிலே சாம்பல் படிகிறது. மணலிப் பக்கத்து ஆலைக் கழிவு பக்கிங்ஹாம் கால்வாய் வழியே வந்து சேர்கிறது. போதாதற்குக் கொதிநிலையத்தின் சூடான நீரும் வந்து கலக்கிறது. இத்தனைக்கும் பிறகு, மீன் ஏன் குறைந்தது என்று ஆராய ஒரு குழு அமைப்பார்களாம்!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது மணலியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரத்தை அடைந்தது. ஆறு கறுத்தது, படகு கறுத்தது, கண்டல் மரங்களின் வேர் கறுத்தது. நாடே அன்று பார்த்துத் திடுக்கிட்டது. ஆனால் எண்ணெய் கறுப்பு, கண்ணுக்குத் தெரிந்தது. சாம்பலோடு வந்த உலோகத்துக்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. ஆகவே திடுக்கிட ஆளும் இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பூண்டி நிரம்பினால் உபரி நீர் கடலுக்குப் போக வேண்டிய வழி இந்த ஆறுதான். ஆற்றின் வாய் தூர்ந்துவிட்டால் வெள்ளம் எங்கே போகும்? மணலியிலும் எண்ணூரிலும் எர்ணாவூரிலும் நெருங்கிக் குடியிருக்கும் தொழிலாளர் வீடுகளுக்குத்தான் போகும். மீனவர் விவகாரம் என்று ஒதுங்கிய தோழரே, தண்ணீர் உங்கள் வாசற்படிக்கு வரும்போது அது யார் விவகாரம்?

வேலையா, ஆறா?

"ஆலையை மூடச் சொல்கிறீர்களா? ஆயிரக்கணக்கான தொழிலாளிகளின் வயிற்றில் அடிக்கிறீர்களா?" இது அடுத்த கணை. ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சட்டப்படியான கூலி கேட்டால் செவி சாய்க்காதவர்கள், சாம்பல் தூசியிலே மூச்சு முட்ட உழைப்பவனுக்கு முகமூடி கேட்டால் முகம் சுளிப்பவர்கள், ஆற்றைப் பற்றிப் பேசும்போது மட்டும் தொழிலாளியின் வயிற்றைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். என்னே கருணை!

இந்தத் தந்திரம் எண்ணூரில் பிறந்ததன்று. ஜப்பானிலே மினமாட்டா என்றொரு கடலோர நகரம். அங்கே சிஸ்ஸோ என்னும் கம்பெனி 1932 முதல் 1968 வரையில் பாதரசம் கலந்த கழிவுநீரைக் கடலில் விட்டது. மீனைத் தின்ற மக்களுக்குக் கை கால் நடுங்கிற்று, பார்வை குறுகிற்று, பேச்சு குழறிற்று. 1956 மே முதல் நாள் அந்த நோய் முதன்முதலாக அதிகாரிகளுக்குத் தெரிவிக்கப்பட்டது. 1959-இல் மீனவர்கள் ஆலையை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார்கள். அப்போது ஆலைத் தொழிலாளர் சங்கம் யார் பக்கம் நின்றது? கழிவுநீரை நிறுத்தக் கூடாது என்றவர்கள் பக்கம் நின்றது! ஆலை நின்றால் வேலை போகும் என்ற அச்சம்.

பின்னர் 1962-இல் அதே கம்பெனி அதே தொழிலாளர்களின் கூலியில் கை வைத்தது. நெடிய போராட்டம் மூண்டது. சங்கத்தைக் கம்பெனி இரண்டாகப் பிளந்தது. அப்போதுதான் தொழிலாளிக்குத் தன் பகைவன் யார் என்பது விளங்கிற்று. 1968-இல் போராடிய பழைய சங்கம், மீனவரின் துயரத்துக்காக இதுவரை போராடாதது வெட்கக்கேடு என்று வெளிப்படையாகத் தீர்மானம் போட்டது. வெட்கப்படுகிறோம் என்று ஒரு தொழிற்சங்கம் தீர்மானம் போடுவது எளிதன்று. அந்தத் துணிவை நாம் வணங்குகிறோம். ஆனால் அந்த ஒன்பது ஆண்டுகளில் கடலில் கலந்த பாதரசத்தைத் தீர்மானத்தால் திரும்ப எடுக்க முடியவில்லையே! 2,000-க்கும் மேற்பட்டோரை அரசினரே நோயாளிகள் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. 1977 முதல் 1990 வரையில், ஏறக்குறைய 15 லட்சம் கன மீட்டர் நஞ்சுச் சேற்றை அள்ளி, வளைகுடாவில் 58 ஹெக்டேர் பரப்பைத் தூர்த்து மூடினார்கள்.

எண்ணூர் மினமாட்டா ஆகிவிட்டது என்று நாம் கூறவில்லை, பீதி கிளப்புவது நம் வேலையும் அன்று. மீனவனையும் ஆலைத் தொழிலாளியையும் மோதவிட்டு நடுவே நழுவும் வித்தையை அங்கே பார்த்தோம், இங்கே விழித்துக்கொள்வோம் என்றுதான் கூறுகிறோம்.

தூர் வாரினால் தீருமா?

"சரி, தூர் வாரிவிடுகிறோம்" என்பார்கள். டெண்டர் விடும் வேலை என்றால் சிலருக்குச் சுறுசுறுப்பு தானே வந்துவிடும்! வார வேண்டியதுதான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாரக் கூடாது. காற்றுப் புகாத அடிச்சேற்றிலே உலோகங்கள் கந்தகத்தோடு பிணைந்து கட்டுண்டு கிடக்கின்றன. கிளறினால் காற்றிலுள்ள பிராணவாயு பட்டுப் பிணைப்பு அவிழும், உலோகம் மீண்டும் நீரில் இறங்கும். காட்மியத்துக்கு உப்புநீர் பட்டாலே பிடி தளரும். அள்ளிய சேற்றைக் கரையிலே குவித்தால் அடுத்த மழையில் மறுபடியும் ஆற்றுக்கே வரும். தாழ்ந்த நிலத்தில் கொட்டினால் கிணற்றுக்கு வரும்.

ஹாலந்து நாட்டு ரோட்டர்டாம் துறைமுகம் இதற்குப் பாடம். ரைன் ஆறு பல நாட்டு ஆலைக் கழிவுகளைச் சுமந்து வந்து அங்கே படியவைத்தது. வாரிய சேற்றை வயலிலும் கடலிலும் கொட்ட முடியாதபடி நஞ்சேறிற்று. 1987-இல் ஸ்லுஃப்டர் என்ற பெருங்குழியை அமைத்து நஞ்சுச் சேற்றை அதில் அடைத்தார்கள். அதோடு நிற்கவில்லை. மேலே எந்த ஆலை எந்த உலோகத்தை விடுகிறது என்று தேடிப் பிடித்து, நிறுத்து, இல்லாவிட்டால் நீதிமன்றம் என்று நின்றார்கள். ஆலைகள் வழிக்கு வந்தன, கழிவு குறைந்தது, பிறகு வந்து படிந்த சேறும் தூய்மையாயிற்று. குழாயை மூடாமல் தரையைத் துடைப்பவன் அறிவாளியா? முதலில் குழாயை மூடு, பிறகு தரையைத் துடை. ரோட்டர்டாம் சொல்லும் பாடம் இவ்வளவுதான்.

நாம் கேட்பது என்ன?

சட்டம் இல்லை என்று சொல்ல வழியில்லை. 1999 முதல் சாம்பல் பயன்பாட்டுக்கு மத்திய அரசின் ஆணை இருக்கிறது. 2021 டிசம்பர் ஆணை, சாம்பல் முழுவதையும் பயன்படுத்த வேண்டும், தவறினால் டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு என்கிறது. 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வும் எண்ணூர்ச் சாம்பல் வழக்கிலே தீர்ப்புச் சொல்லி, கெடுத்ததைச் சீர்செய்யும் பொறுப்பை மின்வாரியத்தின் மீது வைத்திருக்கிறது. ஏட்டிலே சட்டம் இருக்கிறது, ஆற்றிலே சாம்பல் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டியது மக்கள் குரல்!

ஆகவே கேட்கிறோம். ஒன்று, சாம்பலைக் கூழாக்கி ஓட்டும் முறையைக் குறைத்து உலர்ந்த நிலையிலேயே எடுங்கள். சிமெண்டில் 35 சதவீதம் வரை சாம்பல் சேர்க்க இந்தியத் தர விதி இடம் தருகிறது. அதை ஏற்றி அனுப்பும் பணியில் உள்ளூர் இளைஞர்களுக்கு வேலை கொடுங்கள். இரண்டு, பழைய குழாய்களை மாற்றுங்கள். எங்கே உடைந்தது, எப்போது அடைத்தார்கள் என்பதை ஊரார் பார்க்கும் பலகையில் எழுதிப் போடுங்கள். மூன்று, முகத்துவாரத்துச் சேற்றை அடுக்கு அடுக்காகச் சோதித்து முடிவைத் தமிழில் வெளியிடுங்கள். மீனையும் நண்டையும் சோதியுங்கள். நான்கு, சோதித்த பின்னரே தூர் வாருங்கள், அள்ளியதைப் பாதுகாப்பான இடத்தில் அடையுங்கள், கண்டல் மரங்களை நட்டுக் காப்பாற்றுங்கள். ஐந்து, செலவைக் கெடுத்தவரிடம் வாங்குங்கள். வருமானம் இழந்த மீனவருக்கும் இருளருக்கும் இழப்பீடு தருவது பிச்சை அன்று, கடன்.

எந்தக் கட்சி ஆண்ட காலத்தில் எந்தக் குழாய் உடைந்தது என்று பட்டியல் போட்டு மேடையில் மல்லுக்கு நிற்பதில் பயனில்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆட்சிகள் மாறின, சாம்பல் மாறவில்லை. அரசு நம்முடையதாக இருந்தாலும் கேட்போம், பிறருடையதாக இருந்தாலும் கேட்போம். கேட்கத் துணியாதவனுக்குக் கொடி எதற்கு?

கிளைக் கழகத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். எண்ணூரிலே மீனவர் கூட்டம் நடந்தால் ஆலைத் தோழர் போக வேண்டும். ஆலை வாயிலில் ஒப்பந்தத் தொழிலாளர் கூட்டம் நடந்தால் மீனவத் தோழர் வர வேண்டும். குழாய் எங்கே இற்றுப் போயிருக்கிறது என்பது ஆலைத் தொழிலாளிக்குத் தெரியும். சாம்பல் எங்கே படிந்திருக்கிறது என்பது மீனவனுக்குத் தெரியும். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசினால், மறைக்க நினைப்பவர்களுக்கு மறைவிடமே இல்லை.

ஆற்றின் வாயை அடைத்துவிட்டார்கள். நம் வாய் அடைபடவில்லை என்பதைக் காட்டுவோம், தோழர்களே!